வந்து பாடியவர்கள்: 'மெஸ்ஸனீன்' தொகுப்பும் விருந்துக் குரலின் மரபும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஓர் இசைத்தொகுப்பு. பெயர் 'மெஸ்ஸனீன்'. இங்கிலாந்தின் மேற்கிலுள்ள துறைமுக நகரமான பிரிஸ்டலைச் சேர்ந்த மாஸிவ் அட்டாக் என்ற குழு 1998 ஏப்ரல் 20 அன்று இதை வெளியிட்டது. 11 உருப்படிகள், ஏறத்தாழ 63 நிமிடம். பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இத்தனைக்கும் இது கூட்டத்தைக் குதிக்கவைக்கும் இசை அன்று. மெதுவான தாளம், நெஞ்சுக்கூட்டில் அதிரும் பேஸ், எங்கோ எழுந்து எங்கோ மறையும் கிதார், இவற்றுக்கு நடுவே தயங்கி வரும் ஒரு குரல். முதலிலிருந்து முடிவுவரை இருள் கவிந்தே இருக்கிறது.

குழுவில் அப்போது மூவர்: ராபர்ட் டெல் நாஜா, கிராண்ட் மார்ஷல், ஆண்ட்ரூ வவுல்ஸ். மூவரில் யாரும் பாடகர் அல்லர். முதல் இருவரும் காதருகே முணுமுணுப்பதுபோல் ராப் சொல்வார்கள், அவ்வளவுதான். பாடுவதற்கு வெளியிலிருந்து வந்தார்கள்: ஜமைக்காவின் ஹோரஸ் ஆண்டி, ஸ்காட்லாந்தின் எலிசபெத் ஃப்ரேஸர், இவர்களோடு சாரா ஜே.

இத்தகைய தொகுப்புகள்மீது அடிக்கடி சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. சொந்தக் குரல் இல்லாதவர்கள் இரவல் குரல்களை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். ஆளுக்கொரு பாட்டு என்றால் தொகுப்புக்கு ஒருமை எங்கே இருக்கும் என்பார்கள். இதை நான் முழுமையாக மறுக்கிறேன். குரலை விலக்கி வைத்துவிட்டு இசையைக் கேட்கக் கற்றுக்கொண்ட ஒரு மரபிலிருந்து 'மெஸ்ஸனீன்' வருகிறது. அந்த மரபில் முதலில் குரலுக்கான இடம்தான் ஆக்கப்படுகிறது. அது யார் பெயரிலும் எழுதப்படாத இடம். அதனால்தான் வருபவர் தம் வயது, ஊர், துக்கம் எல்லாவற்றோடும் வந்து நிற்க முடிகிறது. தொகுப்பின் ஒருமை அந்த இடத்தில் இருக்கிறது. இதுவே இன்றைய உரையின் மையக் கருத்து. ஐந்து பகுதிகளாக இதை விரிக்கிறேன்.

தொடங்கும் முன் நம் காதுகளைப் பற்றி ஒரு சொல். பாடுபவர் ஒருவர், திரையில் வாயசைப்பவர் இன்னொருவர் என்பதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே குரல் எப்படியும் ஒரு முகத்தைச் சென்றடைந்துவிடும். இன்று நான் பேசும் இசையில் குரல் சென்றடைய முகம் கிடையாது. 'மெஸ்ஸனீன்' அட்டைப்படத்தில்கூட மனிதர் இல்லை. நிக் நைட் எடுத்த கருப்பு வண்டின் படம்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு கேட்கும்படி வேண்டுகிறேன்.

1. குரலை எடுத்துவிட்ட இசைத்தட்டு

கதை கிங்ஸ்டனில் தொடங்குகிறது. 1950களில் அந்த நகரத்து ஏழைகளுக்கு இசைக்குழுவை அமர்த்தவோ பெரிய மன்றங்களுக்குள் போகவோ வசதியில்லை. டியூக் ரீட், காக்ஸன் டாட் போன்றோர் ஆள் உயர ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் திறந்த வெளியில் அடுக்கி, இசைத்தட்டுகளைப் போட்டார்கள். இதுதான் சவுண்ட் சிஸ்டம். ஊரே அங்கு வந்து ஆடியது. யாரிடம் புதிய தட்டு இருக்கிறது, யாருடைய பேஸ் ஆழமாக அதிர்கிறது என்பதில் கடும் போட்டி இருந்தது.

1960களின் இறுதியில், ரூடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டக்காரருக்காக டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் கூடத்தில் பேரகன்ஸ் குழுவின் ஒரு பாடலைத் தட்டில் வெட்டினார்கள். அந்தத் தட்டில் பாடகர்களின் குரல் விடுபட்டுப்போனது. தவறிய தட்டு என்று ரெட்வுட் அதைத் தூக்கிப் போடவில்லை. அன்றிரவு முதலில் குரலோடு உள்ள பாடலைப் போட்டார், பிறகு குரலில்லாத தட்டைப் போட்டார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் தாங்களே பாடத் தொடங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டு இசை வரலாற்றின் பெருந்திருப்பங்களில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். பாடலின் நடுவே ஒரு வெற்றிடம் கிடைத்தால் மக்கள் அதில் குடியேறுவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

அதன்பின் ஜமைக்கத் தட்டுகளின் மறுபக்கத்தில் குரலற்ற வடிவத்தை வெளியிடுவது வழக்கமாயிற்று. 'வெர்ஷன்' என்று அதற்குப் பெயர். 1970இல் யூ-ராய் என்பவர் பேரகன்ஸின் பழைய வாத்தியப் பதிவுகள்மேல் தம் பேச்சையும் கூவலையும் ஏற்றிப் பெரும்புகழ் பெற்றார். மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருந்த கிங் டப்பி இன்னும் ஆழமாகப் போனார். கலவைப் பலகையையே வாத்தியமாக்கிக் குரலை ஒரு வரியில் காட்டுவார், மறு வரியில் மறைப்பார், கடைசி அசையை மட்டும் எதிரொலியில் சுழலவிடுவார். மிஞ்சுவது பேஸும் தாளமும் நீண்ட கார்வையும். 'டப்' என்ற கலை இப்படிப் பிறந்தது.

'மெஸ்ஸனீன்' தொகுப்பில் நீங்கள் கேட்கும் இருளும் வெளியும் இங்கிருந்து வந்தவை. பலரும் அதை ஐரோப்பிய மனச்சோர்வு என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒலியின் எலும்பு கிங்ஸ்டனுடையது.

2. பிரிஸ்டலுக்கு வந்தவர்கள்

பிரிஸ்டலின் செல்வத்தில் பெரும்பங்கு அடிமை வணிகத்தால் வந்தது. 1948இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் வந்ததற்குப் பிந்தைய ஆண்டுகளில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் அந்த நகரத்தின் செயின்ட் பால்ஸ் பகுதியில் குடியேறினார்கள். அங்கே உள்ளூர்ப் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் ஓட்டுநர், நடத்துநர் வேலைகளில் சேர்க்க மறுத்தது. 1963இல் மக்கள் அந்தப் பேருந்துகளைப் புறக்கணித்துப் போராடி வென்றார்கள். அதன்பின் நடத்துநராகச் சேர்ந்த முதல் வெள்ளையரல்லாதவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். 1980 ஏப்ரலில் ஒரு கஃபேயில் காவல்துறை நடத்திய சோதனையைத் தொடர்ந்து செயின்ட் பால்ஸில் கலவரம் மூண்டது.

இந்த மண்ணில்தான் சவுண்ட் சிஸ்டம் மீண்டும் வேர்விட்டது. வீடுகளின் அடித்தளத்தில் விடிய விடிய நடந்த 'புளூஸ்' விருந்துகளில் கிங்ஸ்டன் தட்டுகள் சுழன்றன. 1980களில் வைல்ட் பஞ்ச் என்ற இளைஞர் கூட்டம் ரெகேயோடு ஹிப்-ஹாப், பங்க், சோல் தட்டுகளையும் கலந்து போட்டது. பார்க் ரோவில் இருந்த டக் அவுட் மன்றம் அவர்கள் களம். மார்ஷலின் பெற்றோர் பார்படோஸிலிருந்து வந்தவர்கள். டெல் நாஜாவின் தந்தை இத்தாலியர். அந்தக் கூட்டத்தின் தொடர்ச்சியே மாஸிவ் அட்டாக். ஆகவே 'உங்கள் பாடகர் யார்' என்று இவர்களைக் கேட்பதே பொருந்தாது. தட்டுப் போடுபவர் இருக்கிறார், ஒலிவாங்கி இருக்கிறது, அன்று யார் வருகிறார்களோ அவர்கள் பாடுவார்கள்.

1991இன் 'ப்ளூ லைன்ஸ்' தொகுப்பில் ஷாரா நெல்சனும் ஹோரஸ் ஆண்டியும் வந்தார்கள். 1994இன் 'புரொடெக்ஷன்' தொகுப்பில் ட்ரேஸி தார்னும் நிகோலெட்டும் வந்தார்கள். இவற்றுக்கு முன்பே நம் நிலப்பரப்பின் குரலும் ஒருமுறை இவர்கள் கைக்கு வந்தது. 1990இல் நுஸ்ரத் ஃபதே அலி கானின் 'மஸ்த் மஸ்த்' பாடலை இவர்கள் மறுகலவை செய்தார்கள். கவ்வாலியின் பெருங்குரலுக்குக் கீழே டப் பேஸை வைத்தார்கள்; அந்தக் குரல் கொஞ்சமும் சிறுத்துப்போகவில்லை. இந்த முறை எத்தனை அகலமானது என்பதற்கு நான் முதலில் காட்டும் சான்று அதுதான்.

3. ஹோரஸ் ஆண்டி: பழைய பாட்டைக் கொண்டுவந்தவர்

ஹோரஸ் ஹைண்ட்ஸ் 1951இல் கிங்ஸ்டனில் பிறந்தார். ஸ்டுடியோ ஒன் கூடத்தின் காக்ஸன் டாட் அவருக்கு 'ஆண்டி' என்ற பெயரை வைத்தார், பாப் ஆண்டி என்ற பாடகரின் பெயரையொட்டி. அந்த பாப் ஆண்டி பேரகன்ஸ் குழுவின் தொடக்கக்கால உறுப்பினர். பேரகன்ஸ் பெயர் இந்த உரையில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். இன்னும் ஒருமுறை வரும்.

ஹோரஸ் ஆண்டியின் குரல் உச்சத்தில் நின்று நடுங்குவது. கம்பீரம் காட்டாத, மெலிந்த ஆண்குரல். 'மெஸ்ஸனீன்' தொகுப்பின் முதல் உருப்படி 'ஏஞ்சல்'. முதலில் அதை கிளாஷ் குழுவின் ஒரு பாடலை வைத்து உருவாக்க எண்ணியிருந்தார்கள். அந்தப் பாடலில் நரகம் என்ற சொல் வருகிறது. ரஸ்தஃபாரி நெறியைச் சேர்ந்த ஹோரஸ் ஆண்டிக்கு அதை வாயால் சொல்ல மனமில்லை. ஆகவே 1970களின் முற்பகுதியில் தாம் பாடிய 'யூ ஆர் மை ஏஞ்சல்' பாட்டையே எடுத்து அதே இடத்தில் பாடினார். அழைக்கப்பட்டவர் பாட்டையே மாற்றிவிட்டார், அழைத்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

இதன் விளைவைக் கேட்டுப்பாருங்கள். முதலில் பேஸ் மட்டும் தரையோடு ஊர்ந்து வருகிறது. பிறகு தாளம். நெடுநேரம் காத்திருந்த பின்புதான் குரல் வருகிறது. இளமையில் காதலிக்குப் பாடிய இனிய வரிகளை நடுவயதில் அவர் மீண்டும் பாடுகிறார், வார்த்தைக்கு வார்த்தை நிதானமாக. பாதிவழியில் ஆஞ்செலோ புருஸ்கினியின் கிதார் வெடித்துப் பெருகி எல்லாவற்றையும் மூடுகிறது. குரல் அதோடு மல்லுக்கு நிற்பதில்லை. தன் அளவிலேயே நின்று பாடுகிறது. அதே காதல் மொழி இப்போது அச்சமூட்டுகிறது. ஒரு சொல்லைக்கூட இருளாக்காமல் பாட்டை இருளாக்கியிருக்கிறார்கள். எனக்கு இந்தத் தொகுப்பில் மிக நெருக்கமான இடம் இதுதான்.

ஏழாவது உருப்படி 'மேன் நெக்ஸ்ட் டோர்'. பக்கத்து வீட்டுக்காரன் இரவில் எழுப்பும் கூச்சலைத் தாங்கமுடியாமல் இடம்பெயர நினைப்பவனின் பாட்டு. எழுதியவர் பேரகன்ஸின் ஜான் ஹோல்ட். 1968இல் அந்தக் குழு பதிவுசெய்தது. மாஸிவ் அட்டாக் அதற்குக் கீழே வைத்திருப்பது லெட் ஸெப்பலின் குழுவின் டிரம் ஒலியை. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் ஜான் பான்ஹம் வாசித்ததை, மேலே ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டுப் பதிவுசெய்தார்கள். அந்தக் கூடத்தின் எதிரொலி அடிக்குள்ளேயே இருக்கிறது. தாளத்தை எடுத்தபோது ஒரு கட்டடத்தின் வெறுமையும் கூடவே வந்துவிட்டது. சுவருக்கு அப்பால் கேட்கும் சத்தத்தைப் பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தாளத்தை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று ஐந்தாவது, பதினொன்றாவது உருப்படிகள். இரண்டுக்கும் பெயர் 'எக்ஸ்சேஞ்ச்'. இரண்டாவது அடைப்புக்குறிக்குள் அச்சாகியிருக்கிறது. ஐசக் ஹேயஸின் ஒரு பதிவிலிருந்து எடுத்த சோம்பலான மெட்டு தொகுப்பின் நடுவில் குரலே இல்லாமல் ஒலிக்கிறது. அதே மெட்டு கடைசியில் பழைய தட்டின் கரகரப்போடு திரும்பி வருகிறது, இப்போது ஹோரஸ் ஆண்டி அதில் பாடுகிறார். ரூடி ரெட்வுட் குரலோடு ஒன்றும் குரலில்லாமல் ஒன்றும் போட்டாரே, அதே முறை வரிசை மாறி இங்கே இருக்கிறது. முதலில் இடம், பிறகு ஆள். இந்தத் தொகுப்பு தன் இலக்கணத்தைத் தானே கேட்பவருக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

4. எலிசபெத் ஃப்ரேஸர்: சொல்லைத் தாண்டியவர்

கிரேஞ்ச்மவுத் என்ற ஸ்காட்லாந்துத் தொழில் நகரத்தில் பிறந்த ஃப்ரேஸர், காக்டோ ட்வின்ஸ் குழுவின் பாடகியாக அறியப்பட்டவர். அந்தக் குழு 1997இல் கலைந்தது. அவர் பாடல்கள் பலவற்றில் எந்தச் சொல் என்று பிரித்தறிய முடியாது. உயிரொலிகள் உருண்டு வரும். மெய்கள் அவற்றைத் தொட்டுவிட்டு விலகும். ஆலாபனையில் ஊறிய நமக்கு இது அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

சூழலிசை என்று இன்று சொல்லப்படும் வகைக்கு வழிகாட்டியான பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' 1978இல் வந்தபோதே அதில் குரல் இருந்தது. பெண்குரல்கள் ஒற்றை உயிரொலியைப் பாட, வெவ்வேறு நீளமுள்ள நாடா வளையங்களில் அவை சுழன்று, ஒருபோதும் ஒரேபோல் சந்திக்காமல் நகரும். டப் போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஈனோ வேறொரு வழியில் வந்தார். இந்த இரு வழிகளும் கூடும் இடம் ஃப்ரேஸரின் 'டியர்டிராப்'.

அந்த மெட்டுக்கு யார் பாடுவது என்பதில் குழுவே பிளவுபட்டது. வவுல்ஸ் அதை மடோனாவுக்கு அனுப்பினார்; மடோனாவுக்கும் விருப்பம் இருந்தது. மற்ற இருவரும் ஃப்ரேஸர்தான் வேண்டும் என்று நின்றார்கள். மடோனா பாடியிருந்தால் அது மடோனாவின் பாட்டாகியிருக்கும். அத்தனை பெரிய பெயர் வந்தால் நான் சொல்லும் அந்த இடம் அவர் பெயருக்குப் பட்டாவாகிவிடும். ஃப்ரேஸரைத் தேர்ந்ததில் இருந்த தெளிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

1997 மே 29 அன்று ஃப்ரேஸருக்கு ஒரு காலத்தில் மிக நெருக்கமாக இருந்த பாடகர் ஜெஃப் பக்லி, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் வுல்ஃப் ஆற்றில் மூழ்கி இறந்தார். 'டியர்டிராப்' உருவாகிக்கொண்டிருந்த நாட்களில் அந்தச் செய்தி ஃப்ரேஸரை வந்தடைந்தது. அந்தப் பாட்டு ஒருவகையில் பக்லியைப் பற்றியதாகிவிட்டது என்று ஃப்ரேஸர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாட்டில் புலம்பல் எதுவும் இல்லை. இதயத்துடிப்பு போன்ற தாளம், ஹார்ப்ஸிகார்ட் போன்று சொட்டும் சுரங்கள், அவற்றின்மேல் மெல்ல எழும் குரல், அவ்வளவே. சொந்தக் குழுவில் பாடியிருந்தால் அந்தத் துயரம் அவர் வாழ்க்கைக் கதையின் ஒரு பக்கமாகியிருக்கும். இங்கே கேட்பவர் தம் துயரத்தையும் அருகில் வைக்க இடம் இருக்கிறது. வால்டர் ஸ்டெர்ன் இயக்கிய காணொளியில் கருவிலிருக்கும் சிசு இந்தப் பாட்டைப் பாடுகிறது. முகம் வேண்டும் என்றபோதும் இன்னும் பிறக்காத முகத்தைத்தான் கொடுத்தார்கள்.

2004 முதல் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'ஹவுஸ்' என்ற மருத்துவத் தொடரின் முகப்பிசையாக 'டியர்டிராப்' ஒலித்தது, குரலில்லாத பகுதி மட்டும். கிங்ஸ்டனில் அதை 'வெர்ஷன்' என்பார்கள். குரலை எடுத்த பிறகும் பாட்டு நின்றது.

சாரா ஜே பாடிய 'டிஸ்ஸால்வ்ட் கர்ல்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மற்ற இருவரைப்போல் பழம்புகழோடு அவர் வரவில்லை. 1999இன் 'மேட்ரிக்ஸ்' படத்தில் கதாநாயகன் காதில் ஹெட்ஃபோனோடு தூங்கும் காட்சியில் அந்தப் பாட்டு கேட்கிறது. பல இலட்சம் பேர் பெயர் தெரியாமலே அவர் குரலைக் கேட்டிருக்கிறார்கள்.

5. கொடுத்த விலையும் உரிமைக் கணக்கும்

இந்த முறையில் இழப்பும் உண்டு. 'மெஸ்ஸனீன்' பதிவின்போது மூவரும் ஒரே நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்யவே சிரமப்பட்டார்கள். இணைத்தயாரிப்பாளர் நீல் டேவிட்ஜ் நடுவில் நின்று ஒவ்வொருவர் பகுதியையும் ஒட்டவைத்தார். 1997இன் இறுதியில் வரவேண்டிய தொகுப்பு அடுத்த ஏப்ரலுக்குத் தள்ளிப்போயிற்று. கிதாரின் கடுமை வவுல்ஸுக்குப் பிடிக்கவில்லை. 1999இல் அவர் விலகினார். எவருக்கும் உரிமைப்படாத இடத்தை ஆக்குவதற்கு அதை ஆக்குபவர்களும் தம் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மூவருக்கும் அது எளிதாக இருக்கவில்லை.

எடுத்தாளப்பட்ட ஒலிகளின் கணக்கும் உண்டு. 'பிளாக் மில்க்' பாட்டில் மான்ஃபிரெட் மானின் குழு வாசித்த ஒரு பகுதியை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக வழக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர் பக்கமே நியாயம் என்பது என் எண்ணம். பிறர் குரலுக்கு இத்தனை மதிப்புக் கொடுக்கும் இசை, பிறர் வாசிப்புக்கும் அதே மதிப்பைக் கொடுத்தாக வேண்டும்.

பாடியவர்களின் பெயர் எங்கே அச்சாகிறது என்பதும் இதே கேள்விதான். 1991 முதல் 2010 வரை வந்த மாஸிவ் அட்டாக்கின் ஐந்து முழுத் தொகுப்புகளிலும் ஹோரஸ் ஆண்டி பாடியிருக்கிறார். குழுவிலிருந்து உறுப்பினர்கள் விலகினார்கள், திரும்பினார்கள். இவர் ஒவ்வொரு தொகுப்பிலும் இருந்தார். ஆனாலும் அட்டையில் அவர் விருந்தினர்தான். வானொலி அறிவிப்பில் குழுவின் பெயர் வரும், அவர் பெயர் பெரும்பாலும் வராது. ஜமைக்கப் பாடகர்கள் தங்கள் பதிவுகளுக்கு உரிய பணம் கிடைக்காமல் போன நீண்ட வரலாற்றைப் படித்தவர்கள் இதைச் சிறிய விஷயமாக எண்ணமாட்டார்கள். இசைத்துறை மாணவர்கள் இந்தத் தொகுப்பைப் பற்றி எழுதும்போது பாடியவரின் பெயரை முதலில் எழுதுங்கள், குழுவின் பெயரைப் பிறகு எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கணக்கை ஹோரஸ் ஆண்டி தம் வழியில் ஓரளவு நேர்செய்தார். 2022இல், தமது 71ஆம் வயதில், ஏட்ரியன் ஷெர்வுட் தயாரிப்பில் 'மிட்நைட் ராக்கர்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அட்டையில் அவர் பெயர். உள்ளே 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' என்ற பாட்டு இருக்கிறது. அது மாஸிவ் அட்டாக்கின் முதல் தொகுப்பின் முதல் பாட்டு. 1991இல் அதைப் பாடியவர் அவர் அல்லர், ஷாரா நெல்சன். ஒரு விருந்தினர் பாடிய பாட்டை இன்னொரு விருந்தினர் எடுத்துத் தம் தொகுப்பில், தம் நாட்டு ரெகே நடையில், தம் பெயரில் பாடியிருக்கிறார். அடுத்த அமர்வில் இரண்டு பதிவுகளையும் முழுமையாக ஒலிக்கவிட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நெல்சனுடையதை முதலில் கேளுங்கள்.